சட்டைக் காலரில் வந்த ஆயிரம்

சலவைக் கடையில் எல்லோரும் அவளை நீராவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் இஸ்திரி மேசை முன்னால் போய் நின்றாளென்றால் அந்த மூலை முழுக்க வெள்ளையாக மூடிக்கொள்ளும். உள்ளேயிருந்து ஒரு கையும் ஒரு குரலும் மட்டும் வெளியே வரும். அவள் கோபமும் அப்படித்தான். ‘உஸ்’ஸென்று கிளம்பும், பக்கத்தில் இருப்பவரைச் சுட்டுவிடும் போலிருக்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் காற்றோடு போயிருக்கும். பெயர் இரண்டுக்கும் சேர்த்து வந்தது.

பிழைக்க வந்த நாடு அது. கணவர் நகரப் பேருந்து டிரைவர். இருவரும் மூன்றாவது மாடியில், அடுப்பைப் பற்றவைத்தால் படுக்கையறை சூடாகிற அளவுக்குச் சின்னதான ஒரு வீட்டில் இருந்தார்கள். ஊரார் துணியையெல்லாம் ஆளுயர மெஷினில் போட்டு அலசி எடுக்கிற கடையில் வேலை பார்த்தவளுக்கு வீட்டில் ஒரு மெஷின் கிடையாது. வீட்டுத் துணியைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது முதலாளியம்மாவின் கண்டிப்பு. அதனால் வேலை முடிந்து வந்து, குளியலறையில் வாளியை வைத்துக் குத்துக்காலிட்டுத் துவைப்பாள். எழுந்திருக்கும்போது இடுப்பு ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் போவார்கள்.

இதை ஒருநாள் போனில் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் வேறொரு நாட்டில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். ஒரே வீட்டிலிருந்து ஆளுக்கொரு திசையில் கிளம்பியவர்கள். அவனுக்கு லீவு கிடைக்கும்போது இவளுக்குக் கிடைக்காது, இவளுக்குக் கிடைக்கும்போது அவனுக்குக் கப்பல் வந்து நிற்கும். வருஷக்கணக்காக முகம் பார்க்கவில்லை. போனில் மட்டும்தான் உறவு.

“மெஷினுக்கு நான் காசு அனுப்பறேன் பாப்பா” என்றான் அண்ணன். நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

“பேங்க்ல போட்டுடுண்ணே.”

“பேங்க்கா? அந்தப் பேச்சே வேணாம்.”

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை அவன் பணம் அனுப்பியபோது ஏதோ ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டான். பணம் யாரோ ஒரு ஆளுக்குப் போய்விட்டது. போனதுகூடப் பரவாயில்லை, அந்த ஆள் ‘மிக்க நன்றி, நல்ல நேரத்தில் வந்தது’ என்று செய்தி வேறு அனுப்பியிருந்தான். அந்த நன்றியை அண்ணனால் தாங்கவே முடியவில்லை. அன்றிலிருந்து கையில் பிடித்துப் பார்க்க முடியாத பணத்தை அவன் பணமாகவே மதிப்பதில்லை.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போன் வந்தது.

“பாப்பா, எங்கூட வேலை பாக்கறவரு உங்க ஊர் வழியா போறாரு. மாப்ளைக்கு ஒரு சட்டை குடுத்தனுப்பியிருக்கேன். அவர் போடறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை தேய்ச்சுடு.”

“புதுச் சட்டையை எதுக்குண்ணே தேய்க்கணும்?”

“தேய்னா தேய். காலரை நல்லா பாத்துத் தேய். இதுக்கு மேல போன்ல பேச முடியாது.”

கடத்தல்காரன் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஆனால் கிரேன் உச்சியில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. தாழ்த்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

சட்டை வந்தது. காலரின் மேல் இஸ்திரியை வைத்ததுமே மொடமொடவென்று ஒரு சத்தம். தையலைப் பிரித்தாள். உள்ளே நீளவாக்கில் மடித்து ஒரு நோட்டு. அண்ணன் இருந்த நாட்டின் ஆயிரம் நோட்டு. அவர்கள் அச்சடித்ததிலேயே பெரியது அதுதான். தாடி வைத்த ஒரு கிழவர் யார்மேலோ கோபமாக இருப்பதுபோல அதில் இருந்தார்.

டிரைவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், வாயால் கணக்குப் போட்டார்.

“ஏம்மா, மெஷினும் வாங்கி, மிச்சத்துல ஒரு கட்டிலும் வாங்கலாம் போலிருக்கே!”

நீராவியக்காவுக்கு வேறு கவலை. நோட்டு மூன்றாக மடிந்து சுருங்கியிருந்தது. சுருக்கத்தோடு எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லாத கை. மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்து, அந்த நோட்டை அவள் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கூண்டு மாதிரி ஒரு கடையில் உட்கார்ந்திருந்த நோட்டு மாற்றுகிறவரிடம் போனாள். மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட மனிதர். பேச்சு அந்த நாட்டு மொழியில்தான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அவள் சொல்லும்போது எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவர் நோட்டை வாங்கினார். திருப்பினார். முகத்தருகே கொண்டுபோனார்.

“இதுல ஒரு மடிப்புகூட இல்லையே?”

“இல்ல சார். சுத்தமா இருக்கு.”

“அதான் கேக்கறேன். இந்த உலகத்துல கை மாறின எந்த நோட்டுக்கும் மடிப்பு உண்டு. இது என்ன இப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்த மாதிரி வெதுவெதுன்னு இருக்கு?”

“கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை தேய்ச்சேன்.”

“எதை?”

“நோட்டை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு நோட்டை ஒரு விரலால் மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

“அம்மா, நான் இந்தத் தொழில்ல தலை நரைச்சவன். தேய்ச்ச நோட்டை வாங்கினேன்னு வெளியில தெரிஞ்சா என்னை ஒருத்தனும் மதிக்க மாட்டான். இதை நாலு பேர் தொட்ட பணம் மாதிரி ஆக்கி எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்.”

நீராவியக்காவுக்கு உஸ்ஸென்று ஏறியது. தேய்த்ததற்காக வாழ்நாளில் முதல்முறை ஒருவர் குறை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து நோட்டைக் கசக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கசக்கினாள். திறந்ததும் தானாக நீவிவிட்டாள்.

“எங்கிட்ட குடு” என்றார் டிரைவர். மறுநாள் பின்பாக்கெட்டில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தே பகல் முழுக்க வண்டி ஓட்டினார். கட்டிலும் மெஷினும் சேர்ந்து அடியில் இருக்கிற நினைப்பில் அவருக்குச் சரியாக உட்காரவும் வரவில்லை, எழுந்திருக்கவும் வரவில்லை. வேகத்தடை வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போவதுபோல மெதுவாக ஏறி இறங்கினார். பின்னால் இருந்து ஒருவர், “டிரைவர் சார், உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டேவிட்டார்.

மறுபடி கூண்டுக்காரரிடம் போனாள். அவர் நோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்னம்மா இது, பெரியவர் மூஞ்சிக்குக் குறுக்கே கோடு விழுந்திருக்கு. ரொம்ப அடிபட்ட நோட்டால்ல இருக்கு!”

“நீங்கதானே நாலு பேர் தொட்ட மாதிரி ஆக்கச் சொன்னீங்க?”

“தொடச் சொன்னேன். மேல ஏறி உக்காரச் சொல்லலையே?”

உட்கார்ந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் முகம் மாறியதைப் பார்த்து அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, குரலை இறக்கி உண்மையைச் சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய நோட்டை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. அவருடைய எந்திரத்துக்கும் அது தெரியாது. உள்ளே விட்டால் நாக்கை நீட்டுவதுபோல நோட்டைத் திருப்பி வெளியே நீட்டுகிறது.

“சின்ன நோட்டா இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குவேன். பேங்குக்குப் போங்க.”

அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள். அங்கே முயல்குட்டி மாதிரி ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்லும்.

“எங்க வாடிக்கையாளருக்கு மட்டும்தான் மாத்துவோம் மேடம்.”

“நான் உங்க வாடிக்கையாளர்தாம்மா. என் சம்பளம் இங்கதான் வருது.”

“ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா இந்த நோட்டு எந்த நாட்டுதோ, அந்த நாட்டுக் காசுல உங்களுக்குக் கணக்கு இருக்கணும்.”

“சரி, தொடங்கிக் குடு.”

“தாராளமா. தொடங்கறதுக்கு அந்த நாட்டுக் காசுல ஏதாவது போடணும்.”

“இதோ ஆயிரம் இருக்கே!”

“இவ்ளோ பெரிய நோட்டைக் கணக்கு இருக்கறவங்க போட்டாதான் மேடம் வாங்குவோம்.”

நீராவியக்கா கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கேலி ஏதும் இல்லை. அந்தப் பெண் மனதார உதவிக்கொண்டிருந்தது.

“அப்ப முதல்ல எதைம்மா செய்யணும்?”

“அதை மேனேஜர்கிட்டதான் கேக்கணும்.”

மேனேஜர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். கணக்கு விஷயத்தை அவர் சரிசெய்துவிடுவாராம். ஆனால் இந்தப் பணம் எப்படி வந்தது என்பது தெளிவாக வேண்டும்.

“அண்ணன் குடுத்தது சார்.”

“எப்படிக் குடுத்தார்?”

“சட்டைக் காலர்ல வச்சு.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, “இதை நான் எழுத முடியாது. உங்க அண்ணனே நேர்ல வந்து, நான்தான் குடுத்தேன்னு சொன்னா முடிச்சுடலாம்” என்றார்.

அன்று மாலை இதை ஒரு பெரிய நகைச்சுவையாக அண்ணனுக்குச் சொன்னாள். “உன்னையே நேர்ல வரச் சொல்றாங்கண்ணே!” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

“எந்தக் கிழமை வரணும்?” என்றான் அண்ணன்.

டிக்கெட்டுக்குப் பாதி நோட்டுக்கு மேல் ஆகும் என்று டிரைவர் எடுத்துச் சொன்னார். “மச்சான், இது நமக்குக் கட்டுப்படியாகாது” என்று கெஞ்சினார். “மாப்ளே, என் காசை எங்க வீட்டுப் பொண்ணு வாங்கினதுக்கு சாட்சி கேக்கறானுங்க. வந்து ரெண்டுல ஒண்ணு பாக்காம விடறதா?” என்றான் அண்ணன். பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணன் வந்து இறங்கினான். தலையில் பாதி வழுக்கை, மீதி வெள்ளை. உயரத்திலேயே உட்கார்ந்து வேலை செய்த பழக்கத்தில் எதையும் குனிந்துதான் பார்த்தான். அவளையும் அப்படித்தான் பார்த்தான்.

“என்ன பாப்பா, இவ்ளோ குட்டையா ஆயிட்டே?”

“நீதாண்ணே மேல போயிட்டே.”

டாக்சிக்குப் பணம் கொடுக்கப் பர்ஸைத் திறந்தான். உள்ளே இரண்டு நோட்டு. இரண்டும் தாடிக்காரர்.

“வழிச்செலவுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்” என்றான்.

டிரைவர் தன் பர்ஸை எடுத்தார். அதற்குப் பிறகு அண்ணன் குடித்த காப்பி, ஏறிய வண்டி, வாங்கிய பல்துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் அவர்தான் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் முறையாகப் பர்ஸைத் திறந்து, தாடிக்காரரைக் காட்டி, வருத்தப்பட்டுவிட்டு மூடுவான்.

அவனுக்குக் கிடைத்த லீவு இரண்டே நாள். இரண்டும் வங்கியில்தான் போயின. முதல் நாள் மேனேஜர் வரவில்லை. மறுநாள் உட்காரவைத்து இருவருடைய அடையாளத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணன் பெயரோடு அப்பா பெயர் ஒட்டியிருந்தது. அவள் பெயரோடு டிரைவர் பெயர் ஒட்டியிருந்தது. வேறு எந்த எழுத்தும் ஒன்றோடொன்று சேரவில்லை.

“பேர் ஒத்துவரலையே. இவர் உங்க அண்ணன்னு நான் எப்படி நம்பறது? சின்ன வயசுல நடந்தது ஏதாவது, ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது இருந்தா சொல்லுங்க.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஸ்கூல்ல போட்டோ எடுக்கறதுக்கு முதல் நாள், நான் தூங்கிட்டிருக்கும்போது இவ என் முன்மயிரைக் கத்திரிச்சுட்டா சார். அந்தப் போட்டோல நான் உரிச்ச கோழி மாதிரி நிக்கறேன்.”

“நானா?” என்று எழுந்தாள் நீராவியக்கா. அதோடு பேச்சு தமிழுக்குத் தாவிவிட்டது. “நடிகன் மாதிரி வெட்டிக்கறேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நீயே கொதறிக்கிட்டு, அப்பா அடிப்பாருன்னு என்மேல போட்டியே! அன்னைக்கு அந்த அடியை வாங்கினது யாரு?”

“கத்திரிக்கோல் உன் தலையணைக்கு அடியில இருந்துச்சுல்ல?”

“அதைக் கொண்டுவந்து வச்சது யாரு? இத்தனை வருஷமா அந்தப் பொய்யையே நம்பிட்டு இருக்கியாண்ணே?”

“யாரு பொய்? நானா பொய்?”

மேனேஜருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் எதிரே இரண்டு பேர் ஒரே மாதிரி மூக்கை விடைத்துக்கொண்டு, ஒரே மாதிரி இடதுகைச் சுட்டுவிரலை ஆட்டிக்கொண்டு, நடுநடுவே ஒரே மாதிரி ‘உஸ்’ என்று மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார்கள். முயல்குட்டிப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. மேனேஜர் இரண்டு கையையும் தூக்கினார்.

“போதும், போதும். நம்பிட்டேன். கூடப்பிறந்தவங்கதான்.”

இருவரும் மூச்சிரைக்க உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“ஒரு சின்ன சங்கடம். இப்ப இது உங்க அண்ணன் பணம்னு சந்தேகமில்லாம தெரிஞ்சுபோச்சு. அப்ப அவர்தான் மாத்தணும். அவர் வெளிநாட்டுப் பயணி. பயணிகளுக்கு நாங்க மாத்தறதில்லை. விமான நிலையத்துல அதுக்குன்னு ஒரு கவுண்டர் இருக்கு. எந்த நோட்டா இருந்தாலும் வாங்குவாங்க.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?”

“முதல்ல இது உங்க பணமா இருந்துச்சே” என்றார் மேனேஜர் உண்மையான வருத்தத்தோடு.

அன்று மாலையே அண்ணனுக்குத் திரும்பும் விமானம். மூன்று பேரும் விமான நிலையத்துக்குப் போனார்கள். மாற்றுகிற கவுண்டர் எங்கே என்று கேட்டால், சோதனை வாசலைத் தாண்டி உள்ளே, பயணிகள் பக்கத்தில் என்றார்கள். நீராவியக்கா நோட்டை அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் உள்ளே போனான். வெளியே ஒரு நீளமான கண்ணாடிச் சுவர். அதன் வழியாக எல்லாம் தெரிந்தது.

கவுண்டரில் ஒரு பெண். அண்ணன் நோட்டை நீட்டினான். அவள் வாங்கினாள், எந்திரத்தில் விட்டாள், கட்டாக உள்ளூர்ப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு கேள்வி கிடையாது. தாடிக்காரர் முகத்துக் கோட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் தன் பர்ஸிலிருந்த இரண்டையும் நீட்டினான். ஒரு பயணிக்கு ஒரு பெரிய நோட்டுதான் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோப்பை ஜெயித்தவன் மாதிரி கண்ணாடிப் பக்கம் ஓடிவந்தான். வந்து நின்ற பிறகுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் உறைத்தது. பணம் அந்தப் பக்கம். மெஷின் வாங்க வேண்டியவள் இந்தப் பக்கம்.

அண்ணன் மேலே பார்த்தான். கண்ணாடி கூரைவரை போயிற்று. “ஒரு கயிறும் கொக்கியும் இருந்தா இறக்கிடுவேன்” என்றான் போனில். காவலுக்கு நின்ற அதிகாரியிடம் போய், இதை வெளியே கொடுத்துவிட முடியுமா என்று கேட்டான். பயணியின் பணத்தை அவர் தொட்டால் வேலை போய்விடுமாம். அங்கே ஒரு தபால்பெட்டி இருந்தது. அதன்மேல் பணம் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. நானே வெளியே போய்விட்டு வரட்டுமா என்றான்.

“போலாம். ஆனா திரும்ப உள்ள வர முடியாது. கதவை மூடப்போறாங்க. உங்க டிக்கெட் அதோட செத்துப்போச்சு” என்றார் அதிகாரி.

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் நின்றார்கள்.

“நீ போண்ணே. காசு உங்கிட்டயே இருக்கட்டும்.”

“அங்க போய் இந்த ஊர் நோட்டை எவன்கிட்ட மாத்தறது? மறுபடி முதல்லேர்ந்தா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கையில் கட்டோடு உள்ளூர்ப் பணம், பர்ஸில் இரண்டு தாடிக்காரர், பாக்கெட்டில் டிரைவர் வாங்கிக் கொடுத்த பிரஷ். சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து அண்ணன் வந்தான். நோட்டு, கணக்கு, கவுண்டர் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட ஒழுங்காகக் கேட்கவில்லை. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் அதைப் பார்த்தான். போனைப் பாக்கெட்டில் போட்டான். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அதிகாரியைத் தாண்டி வெளியே நடந்து வந்துவிட்டான்.

“ஐயோ, ஃபிளைட் மச்சான்!” என்று கத்தினார் டிரைவர்.

“போகட்டும் மாப்ளே. அது பாட்டுக்குப் போகட்டும்” என்றான். பணக்கட்டைத் தங்கை கையில் வைத்தான். “இந்தா பாப்பா. மாத்தியாச்சு.”

அவள் அதைக் கையில் வைத்திருந்தது டிக்கெட் விற்கிற ஜன்னல்வரைதான். அவசரத்துக்கு வாங்கும் டிக்கெட், யானை விலை. அதிலும் வார இறுதிக்குத்தான் இடம் இருந்தது. கட்டு அந்த ஜன்னலுக்குள் போய், ஒரு சீட்டும் நாலைந்து சில்லறை நோட்டுகளும் வெளியே வந்தன. டிரைவர் தூணில் சாய்ந்து நின்று, கட்டிலையும் மெஷினையும் மனசுக்குள்ளேயே வழியனுப்பிவைத்தார்.

அண்ணன் துறைமுகத்து மேஸ்திரிக்குப் போன் போட்டு, வயிறு சரியில்லை என்று கத்திச் சொன்னான். விமான நிலையமே திரும்பிப் பார்த்தது.

அந்த நாட்களில் நீராவியக்கா வேலைக்குப் போய்விட்டு ஓடிவருவாள். முதல் நாள் வந்து பார்த்தபோது குளியலறையிலிருந்து தொம்தொம்மென்று சத்தம். அண்ணன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வாளித் துணியையெல்லாம் தரையில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே பண்றே?”

“நான் இருக்கிறவரைக்கும் நீ குனியக் கூடாது. ஸ்டூலைப் போட்டு உக்காந்து பேசு.”

வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவன் மிதித்தான், இருவரும் பேசினார்கள். கிரேன் கூண்டுக்குள் நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல், தூக்குகிற பெட்டிகளோடு பேசிப் பழகிவிட்டதாகச் சொன்னான். “சிவப்புப் பெட்டின்னா கொஞ்சம் அதட்டுவேன். பச்சை சொன்னதைக் கேக்கும்.” அவள் சட்டைகளைப் பற்றிச் சொன்னாள். கைமடிப்பைப் பார்த்தே அந்த வாரம் அந்த வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடலாம் என்றாள். முன்மயிர் விஷயம் மறுபடி வந்தது. நீண்ட நேரம் மிதித்துவிட்டு, “நானேதான் வெட்டிக்கிட்டேன்” என்றான் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு. “எனக்குத் தெரியும். நீ மிதி” என்றாள்.

கிரேன்காரனின் கால். மிதித்த மிதியில் டிரைவரின் சீருடைக் கால்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்துபோயிற்று. இன்னொன்று ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊக்குக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனவர், பகல் முழுக்கச் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம். சாயங்காலம் வரும்போது இரண்டு ஆட்கள் ஒரு துணி துவைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். மாதத் தவணை.

“மச்சான், நீங்க அடுத்த தடவை வரும்போது இதுல போடுங்க. காலை மட்டும் எடுத்துக்குங்க” என்றார்.

வார இறுதியில் மறுபடி விமான நிலையம். இந்த முறை நேரத்தோடு போய்விட்டார்கள். யாரும் எதையும் மாற்றவில்லை. டிக்கெட் போக மிச்சமிருந்த சில்லறை நோட்டுகளோடு ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். மூன்று காப்பியும் மூன்று ரொட்டியும் வாங்கியதில் அது அப்படியே கரைந்துபோயிற்று. அண்ணன் இதுவரை குடித்ததிலேயே இதுதான் நல்ல காப்பி என்றான். விலையைக் கேட்ட பிறகு, இருக்கும், இருந்துதான் ஆகவேண்டும் என்றான்.

பிறகு எழுந்து, தங்கையின் தலையைப் பெரிய கையால் ஒருமுறை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். அவர்கள் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. நேரே பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள். வண்டி வருவதற்குள் அவள் போனில் செய்தி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

‘பாப்பா, நல்லபடியா உள்ள வந்துட்டேன். காப்பி இங்க பாதி விலைதான்.’